அண்ணிக்கு வந்த சென்ட் பாட்டில் குறித்து அண்ணனின் அறிக்கை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் புதிதாகத் திறந்த கடையும் எந்தக் குறையுமில்லாமல் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறேன்.

நிற்க. மூன்று மாதங்களுக்கு முன் நீ அண்ணிக்கு அனுப்பிய பூவாசனை சென்ட் பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. அதைக் கடையில் வாங்கி வைக்கலாமா என்று முடிவு செய்ய, போட்டுப் பார்த்தவர்களின் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதும்படி கேட்டிருந்தாய். தாமதத்துக்கு மன்னிக்கவும். முப்பத்தொரு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்த எனக்கு இது பழக்கமில்லாத வேலை. தராசில் முள் இருக்கும், பார்த்து எழுதிவிடலாம். இதில் ஒவ்வொரு மூக்கும் ஒவ்வொரு எடை காட்டுகிறது.

முதலில் மருமகள். அவள் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள் என்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் போட்டுக்கொண்டு போனாள். காலையில் பூக்கடைக்குள் நிற்பது போல இருந்ததாம், மதியம் ஈர சோப்பு மாதிரி ஆனதாம், சாயங்காலம் டாக்டரே வெளியே வந்து எந்த மருந்து பாட்டில் திறந்து கிடக்கிறது என்று கேட்டாராம். ஆனால் பல் பிடுங்க வந்த ஒரு அம்மாள் இந்த வாசனைக்காகவே மூன்று தடவை மேஜைக்கு வந்து ஏதேதோ விசாரித்து, கடைசியில் வலி குறைந்துவிட்டது என்று பல்லோடு வீட்டுக்குப் போய்விட்டார். இதை நல்ல அபிப்பிராயத்தில் சேர்ப்பதா கெட்டதில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அடுத்தது கீழ் வீட்டுக்கார அம்மா, பஸ் கண்டக்டர். அவராகவே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு நல்ல மழை, இருந்தும் பஸ்ஸில் ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டார்களாம். ஆனால் நாலு வருஷமாக "போலாமா" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாத டிரைவர், கடைசி நிறுத்தத்தில் திரும்பிப் பார்த்து "புதுசா?" என்று கேட்டாராம். வாசனை எப்படிம்மா இருக்கு என்று கேட்டேன். "வாசனை சுமார்தான் சார், ஆனா வேலை செய்யுது" என்று சொல்லி, ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றித் தர முடியுமா என்று கேட்டார். தந்தேன்.

இனி உன் அண்ணி. முதல் நாள் கேட்டதற்கு நல்லாதான் இருக்கு என்றாள், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ரெண்டு தடவை அடித்துக்கொண்டவள் மூணாம் நாள் அஞ்சு தடவை, அடுத்த வாரம் நான் பதினொண்ணு வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டேன். லிஃப்டுல எங்ககூட ஏற வந்தவங்க எதையோ மறந்துட்ட மாதிரி திரும்பிப் போக ஆரம்பிச்சாங்க. கொஞ்சம் கம்மியா அடிச்சுக்கோயேன்னு சொல்லிப் பார்த்தேன். பூ வாசனைன்னா அப்படித்தான் இருக்கும்னுட்டா. நானும் விட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் காலையில நான் சவரம் பண்ணிக்கிட்டு இருக்கேன், அந்தப் பூ வாசனையையும் தாண்டி ஒரு கருகல் வாசனை வருது. பாதி முகத்துல சோப்போட ஓடினேன். அடுப்புல பால் வத்தி, பாத்திரம் கரியாகி, புகை வந்துக்கிட்டு இருக்கு. இவ ரெண்டடி தள்ளி முதுகைக் காட்டி நின்னு பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருக்கா. அடுப்பை அணைச்சுட்டு, கருகுதே, தெரியலையான்னு கேட்டேன்.

"தெரியல" அப்படின்னா. கத்தியை வச்சுட்டு ஸ்டூல்ல உக்காந்தா. "காய்ச்சல் வந்துதே, அப்போலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் வரல. சொன்னா அடுப்பு பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துருவீங்க."

உக்காந்திருப்பேன், பொய்யில்லை. ஆனா காய்ச்சல் வந்து அப்பவே எட்டு மாசம் ஆயிருந்தது. வாசல்ல நின்னே எந்தக் கடைத் தராசு அம்பது கிராம் அடிக்குதுன்னு சொன்னவன் நான். ஒரே வீட்டுல எட்டு மாசமா இது எனக்குத் தெரியல. அன்னைக்கு மீதிப் பாதி சவரம் பண்ணத் தோணலை.

காது மூக்கு டாக்டர்கிட்ட போனோம். தானா திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், தினமும் ஒரு வாசனையை மோந்து அது எப்படி இருந்ததுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்கன்னார். வீட்ல இருந்தது உன் பாட்டில்தான். தினமும் காபி முடிஞ்சதும் பால்கனியில ரெண்டு நாற்காலி போட்டு உக்காருவோம். அவ மணிக்கட்டுல ஒரே ஒரு தடவை அடிச்சுக்கிட்டு மோந்து பார்ப்பா, அடுத்து நான் மோந்து பார்த்து எப்படி இருக்குன்னு சொல்லணும். முதல் நாள் நல்லா இருக்குன்னேன். அது அட்டைப் பெட்டியிலேயே போட்டிருக்குன்னுட்டா. அதனால வார்த்தை தேட வேண்டியதாப் போச்சு. ஒரு நாள், நனைஞ்ச ரோஜாவை யாரோ இஸ்திரி போட்ட மாதிரி இருக்குன்னேன், ரொம்ப நேரம் சிரிச்சா. நேத்து, நாம முதல்ல குடியிருந்த வாடகை வீட்டு மாடிப்படி மாதிரி இருக்கு, தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தினதும் ஒரு ஈர வாசனை வருமே, அதுன்னேன். அந்தப் படியிலதானே வழுக்கி விழுந்து ஆபீசுக்கு மாடு முட்டிடுச்சுன்னு லீவு லெட்டர் எழுதினீங்கன்னு கேட்டா. அதுலேர்ந்து பேச்சு எங்கெங்கேயோ போயி, பத்து நிமிஷ வேலை பதினொரு மணிக்குத்தான் முடிஞ்சுது. அவளுக்கு இன்னும் வாசனை வரலை. நான் விடறதா இல்லை.

ஆகவே, உன் கேள்விக்கு வருகிறேன். போட்டுக்கொண்ட மூவரில் ஒருத்தி சோப்பு என்கிறாள், ஒருவர் சுமார் என்கிறார், மூன்றாமவளுக்கு மூக்கே வேலை செய்யவில்லை. இந்த நிலையில் என்னால் முத்திரை குத்த இயலாது. எங்கள் பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கடை வாசல் எப்போதும் ஆள் நடமாட்டத்தோடு இருக்கட்டும் என்ற ஆசிகளுடன்,

உன் அண்ணன்

பி.கு.: அண்ணி எழுதறேன். ஒட்டித் தபால்ல போடச் சொல்லி உங்க அண்ணன் கொடுத்தார், ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். எனக்கு வாசனை திரும்பி வந்து மூணு வாரம் ஆகுதும்மா. இந்த சென்ட்டை மோந்தாலே தலைவலி வருது, அவர் சொல்ற எதுவும் அதுல இல்லை. கடைக்கு வாங்காதே. ஆனா கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல அவர் என் பக்கத்துல உக்காந்து இவ்வளவு பேசினதில்லை. அதனால அவர்கிட்ட எதையும் சொல்லிடாதே, எங்களுக்கு மட்டும் பெரிய பாட்டிலா ஒண்ணு அனுப்பு.