பாலம் தந்தமைக்கு நன்றி

எங்கள் அவையில் கடைசி வரிசை உறுப்பினருக்குப் பேச மூன்று நிமிடம் உண்டு. இது விதி. அந்த மூன்று நிமிடத்தில் முதலில் நன்றி சொல்லவேண்டும். இது விதியில் இல்லை, வழக்கம். விதியை மீறினால் அவைத்தலைவர் எச்சரிப்பார். வழக்கத்தை மீறினால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்காது. எது பெரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அந்த அவையின் சுருக்கெழுத்தர். யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். எழுதுவதைப் புரிந்துகொள்ளவும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கிறது.

எங்கள் தொகுதி உறுப்பினருக்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் நன்றியார். நான்கு வருஷத்தில் நாற்பத்தொரு முறை பேசியிருக்கிறார். அவைத்தலைவருக்கு நன்றி, கட்சித் தலைவருக்கு நன்றி, தலைவரின் துணைவியாருக்கு நன்றி, வாய்ப்பளித்த கொறடாவுக்கு நன்றி, கொறடாவிடம் எடுத்துச் சொன்ன மாவட்டச் செயலாளருக்கு நன்றி. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "என் தொகுதியிலே..." என்பார். மணி அடித்துவிடும். நாற்பத்தொரு உரையும் 'என் தொகுதியிலே' என்றுதான் முடிகிறது. நானே டைப் அடித்தவை.

தொகுதியிலே என்ன என்றால், ஒரு கால்வாய். இந்தக் கரையில் நகரம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். அந்தக் கரையில் நாங்கள் நானூறு வீடு. நடுவில் பாலம் கிடையாது. எங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் இரும்புக் குழாய் ஒன்று கால்வாய்க்குக் குறுக்கே போகிறது. அதன் மேல்தான் நடப்போம். நான் தினமும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஜனநாயகத்துக்குப் போகிறேன்.

நன்றியாரின் அக்கா எங்கள் வரிசையில்தான் குடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே குழாயில் வருவாள். தாயில்லாத தம்பியைப் படிக்கவைத்து, தேர்தலில் வீடுவீடாகப் போய் ஓட்டுக் கேட்டவளும் அவள்தான். பாலம் வரும் என்று எங்களிடம் சத்தியம் பண்ணியவளும் அவள்தான்.

"அங்க போய் என்னடா பேசுற?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நன்றி சொல்றேன்க்கா."

"எதுக்கு?"

"பேச விட்டதுக்கு."

"பேசினியா?"

"அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாலம் வராம என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் அவையின் கேன்டீனில் அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "சார், நன்றியைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

"குறைச்சா யாரை விடுவீங்க?"

யோசித்தார். யாரையும் விட முடியவில்லை.

நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷ அனுபவம் விடுமா? "பாலத்தையும் நன்றிக்குள்ளயே வச்சிருங்க. பாலம் தந்ததுக்கு நன்றின்னு சொல்லிடுங்க" என்றேன்.

"தரவே இல்லியே?"

"மனு எழுதும்போது முன்கூட்டிய நன்றின்னு போடறோமில்ல? அதே மாதிரிதான். நன்றி வாங்கினவங்களுக்குக் கூச்சமாப் போயிடும். கட்டிக் குடுத்துடுவாங்க."

நாற்பத்திரண்டாவது உரையில் நன்றியார் அப்படியே சொன்னார். "எங்கள் கால்வாய்க்குப் பாலம் தந்த தலைவருக்கு அக்கரை மக்களின் நன்றி!" மேசைகள் அதிர்ந்தன. தலைவர் முதல் முறையாகக் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து பொதுப்பணி அமைச்சரிடம், "எப்ப குடுத்தோம்?" என்று கேட்டார்.

"நம்ம ஆட்சியிலதாங்க" என்றார் அமைச்சர்.

ஒருவருக்கும் கூச்சம் வரவில்லை. வந்தது ஒரு கடிதம். 'தங்கள் தொகுதிக்கான பாலக் கோரிக்கை நிறைவேறியதற்கு அவையிலேயே நன்றி தெரிவிக்கப்பட்டுள்ளதால் கோப்பு முடிக்கப்படுகிறது.' கூடவே, நல்ல விஷயங்களைக் கண்ணாரக் காண்பவர் என்பதால், நன்றியாரை உறுதிமொழிக் குழுவில் உறுப்பினராகவும் போட்டார்கள். அவையில் கொடுத்த வாக்கெல்லாம் நிறைவேறியதா என்று நேரில் போய்ப் பார்க்கும் குழு அது.

அந்தக் குழு முதலில் பார்க்க வந்த இடம் எங்கள் கால்வாய். ஒன்பது பேர், நான்கு கார், குறிப்பெடுக்க நான். குழுத்தலைவர் கரையில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"பாலம் எங்கய்யா?"

பொறியாளர் கோப்பைப் பிரித்தார். "அவைக்குறிப்பு, பக்கம் முந்நூத்திப் பதினாலுல இருக்குங்க."

"இங்க ஒண்ணும் தெரியலியே?"

"இங்க தெரியலைங்க. அங்க தெளிவா இருக்கு."

குழுத்தலைவர் நியாயமான மனிதர். ஒருதலைப்பட்சமாக முடிவெடுக்கவில்லை. நன்றியாரைக் கூப்பிட்டார். "நீங்க பாலத்துக்கு நன்றி சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேங்க."

"அவையிலே பொய் சொன்னா ஆறு மாசம் வெளிய நிக்கணும், தெரியுமில்ல? நீங்க பொய் சொன்னீங்களா?"

நன்றியார் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"இல்லைங்க" என்றார்.

"அப்ப பாலம் இருக்கு" என்று சொல்லிக் குழுத்தலைவர் காரில் ஏறினார். அறிக்கை ஒரே வாரத்தில் வந்தது. 'பாலம், கால்வாயின் இயற்கை அழகுக்கோ நீரோட்டத்துக்கோ சிறிதும் இடையூறு இல்லாமல் அமைந்துள்ளது.' அந்த ஒரு வரியில் ஒரு பொய்யும் கிடையாது.

மழை பெய்த ஒரு காலையில் நர்ஸம்மா குழாயில் வழுக்கி விழுந்தாள். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தடுப்பூசிப் பெட்டி தண்ணீரோடு போய்விட்டது. பணியில் ஏற்பட்ட காயம் என்று விடுப்புக் கேட்டு எழுதினாள். பதிலுக்கு மெமோ வந்தது. 'பாலம் இருக்கும்போது குழாய் மீது நடந்ததற்கும் அரசுப் பெட்டியைத் தொலைத்ததற்கும் ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும். தவறினால் வேலைநீக்கம்.'

அவள் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்து அதைப் படித்தாள். நன்றியார் வாசப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"இருபது வருஷ வேலைடா. ஒருநாள் லேட்டாப் போனதில்ல. இல்லாத பாலத்துல நடக்கலைன்னு என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கறாங்க. உன்னைப் படிக்கவச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு இரண்டாவது யோசனையும் வந்து தொலைத்தது.

"பாலம் பழுதுன்னு எழுதிக் குடுப்போம். பாலத்துலதான் விழுந்தீங்க. இடிக்கச் சொல்லிக் கேட்போம். பழசை இடிச்சா புதுசு கட்டித்தானே ஆகணும்?"

சொல்லும்போது எனக்கே பிரமாதமாக இருந்தது. நர்ஸம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அக்கரை நானூறு வீடும் போட்டது. மெமோ ரத்தானது. அப்பாடா என்று இருந்தது. உறுதிமொழிக் குழுவும் பாலத்தை இடிக்கச் சொல்லி நான்கே நிமிடத்தில் ஒருமனதாகப் பரிந்துரைத்தது.

எங்கள் ஊரில் கட்டுவதற்குத்தான் வருஷக்கணக்காகும். இடிப்பதற்கு மூன்று நாள் போதும். விடிந்ததும் இயந்திரம் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி உத்தரவைப் படித்தார். 'கால்வாயின் இரு கரைகளையும் இணைக்கும் கட்டுமானத்தை முற்றிலும் அகற்றுக.' சுற்றுமுற்றும் பார்த்தார். இரு கரைகளையும் இணைப்பது அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ஐயோ, அது தண்ணிக் குழாய்!" என்று நாங்கள் கத்தினோம்.

"பாலம் வேற எங்க இருக்கு, காட்டுங்க" என்றார் ஓட்டுநர்.

காட்ட முடியவில்லை. சாப்பாட்டு வேளைக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது.

குடிநீர் அலுவலகத்துக்கு ஓடினோம். "எங்க குழாயை யாரும் இடிக்கலை, இடிச்சது பாலம். ஃபைல் அப்படித்தான் சொல்லுது" என்றார்கள். புதுப் பாலம் கேட்டுப் பொதுப்பணி அலுவலகத்துக்கு ஓடினோம். ஒரு முறை பாலம் பெற்ற இடத்துக்கு இருபத்தைந்து வருஷத்துக்குள் மறுபாலம் தர விதியில் இடமில்லையாம். "அதுவும் நீங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க" என்று எங்கள் நானூறு கையெழுத்தையும் காட்டினார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

"இன்னிக்கு மட்டும் நீ நன்றி சொன்னே, நீ என் தம்பியே இல்ல" என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கு அவையில் நன்றியார் எழுந்தார். நான் பேனாவை எடுத்தேன். அவர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. "பாலம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை" என்றார். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. எழுத்தர்கள் கைதட்டக் கூடாது.

பொதுப்பணி அமைச்சர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "உறுப்பினர் கூற்று முற்றிலும் சரி. பாலம் இல்லை. அவர் கேட்டபடி மூன்றே நாளில் இடித்துக் கொடுத்துவிட்டோம். இரண்டாவது வாக்கியம் மட்டும் அவையின் மாண்புக்கு உகந்ததல்ல."

இரண்டாவது வாக்கியம் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. நான்தான் கோடு போட்டு அடித்தேன். மேசைகள் ஒரு நிமிடம் முழுதும் அதிர்ந்தன. தலைவர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்துக் காத்திருந்தார். அடுத்த தேர்தலுக்கு நான்கு மாதம்தான் இருந்தது. மணி அடிக்க இன்னும் பத்து விநாடியும் இருந்தது.

சாயங்காலம் ஒன்பது கிலோமீட்டர் சுற்றி, இரண்டு கேன் தண்ணீரோடு வீடு திரும்பினேன். நர்ஸம்மா கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன சார் சொன்னான்?"

"முதல்ல நன்றி சொல்லலை. கடைசியில சொல்லிட்டார்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"எழுதினேன்."

அவள் என் கையிலிருந்து ஒரு கேனை வாங்கி உள்ளே வைத்தாள். "ரொம்ப நன்றி சார்" என்றாள். கதவைச் சாத்தினாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதாமல் விட்ட நன்றி அது ஒன்றுதான்.