அறுபது கோஸும் ஒரு கண்ணும்

இந்த வருடம் ஒரு கோஸைக்கூடத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன்.

கொரியாவில் எங்கள் வொன்ஜு ஊரில் நவம்பர் கடைசி வந்தால் வீட்டுக்கு வீடு குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டாக வேண்டும். என் மனைவி ஓக்சிம் போடுவது அறுபது கோஸ். மூட்டை தூக்குவது நான். உப்புத் தண்ணீரில் புரட்டுவது நான். தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக் கழுவுவதும் நான். மிளகாய் விழுது தடவுவது மட்டும் அவள். பேர் அவளுக்கு, இடுப்பு வலி எனக்கு.

அப்போதுதான் கண் ஆஸ்பத்திரித் தாள் ஒன்று கையில் கிடைத்தது. கண்புரை ஆபரேஷன் முடிந்தால் ஒரு வாரம் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, முகத்தில் தண்ணீர் படக்கூடாது. எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது! என் வலது கண்ணில் புரை இரண்டு வருடமாகச் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறது? கிம்ச்சிக்கு இரண்டு நாள் முன்னதாகத் தேதி வாங்கினேன்.

"ரெண்டு வருஷமாக் கூப்பிட்டேன், பயந்து ஓடினீங்க. இப்ப என்ன திடீர்னு?"

"உன் முகமே மங்கலாத் தெரியுது, ஓக்சிம்."

"நல்லாத் தெரிஞ்சப்ப மட்டும் பார்த்தீங்களாக்கும்!"

"குனியக்கூடாதாம். தூக்கக்கூடாதாம். டாக்டரே சொல்றப்ப நான் என்ன பண்ண?"

"கண்ணுதாங்க முக்கியம். கோஸ் எங்கே போயிடும்?"

நாற்பது வருடத்தில் அவள் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததே இல்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன். பரிசோதனைக்குப் போன அன்று, "வந்ததே வந்தேன், என் கண்ணையும் அளவெடுத்துடுங்க" என்று அவள் நர்ஸிடம் சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை.

ஆபரேஷன் அன்று நர்ஸ் கேட்டாள். "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுமே இல்ல," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படியா? மூத்திரத்துக்கு ஒரு மாத்திரை போடறதா உங்க வீட்டம்மா திங்கட்கிழமையே போன் பண்ணிச் சொன்னாங்களே?"

காத்திருந்த கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் வேறு வந்து சேர்ந்தார்.

"இதையெல்லாம் மறைக்கலாமாய்யா? அந்த மாத்திரை சாப்பிட்டா நடுவுல கண்பாவை சட்டுனு சுருங்கிடும். அதுக்குத் தனியாத் தயார் பண்ணணும். உங்களுக்கு அடுத்த மாசம் நிதானமாப் பண்ணிக்கலாம். இன்னிக்குத் தேதியைத் திங்கட்கிழமையே அம்மாவுக்கு மாத்தியாச்சு."

"எந்த அம்மாவுக்கு?"

"நான்தாங்க," என்றாள் ஓக்சிம். "மூணு நாளாச் சொட்டு மருந்து விட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"இவங்க இடது கண்ணுல பாதிக்கு மேல தெரியல. நாலு வருஷமாச் சொல்றேன்," என்றார் டாக்டர்.

"நாலு வருஷமா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் குனியக்கூடாதுன்னு சொன்னா நம்புவீங்களா? நீங்களே அந்தத் தாளை மனப்பாடம் பண்ற வருஷம் வரட்டும்னு இருந்தேன்."

"அரைக் கண்ணை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் குடித்தனம் பண்ணினே?"

"உங்களை மேய்க்க அரைக் கண்ணு போதுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு மூடியதும், இவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகாமலிருந்தால் அறுபது என்ன, அறுநூறு கோஸ் கழுவுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இருபது நிமிடத்தில் கண்ணில் மூடியோடு வெளியே வந்து, "பசிக்குது" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் மூடியை எடுத்தார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தச் சட்டை நீலமா? சாம்பல்னுல்ல நெனச்சேன்!"

வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

அதற்கடுத்த நாள் முற்றத்தில் அறுபது கோஸ். தொட்டிக்குள் நான். கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் அவள்.

"மூணாவது கோஸ், உள் இலையில மண்ணு."

"அங்கேயிருந்தா தெரியுது?"

"பளிச்சுனு தெரியுது. குனிஞ்சு கழுவுங்க."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். "அடுத்த மாசம் எனக்கும் முடிஞ்சுடும். அடுத்த வருஷமாவது ரெண்டு பேருமாச் சேர்ந்து கழுவலாம், என்ன?"

"அடுத்த நவம்பருக்குத் தேதி சொல்லி வெச்சாச்சுங்க. என் வலது கண்ணு பாக்கி இருக்கே!"