சம்பந்தியின் சட்டிக்குள் தண்ணீர் விட்ட கதை

ஒரு தமிழ்ப் பெண்ணிடம் சமையல் குறிப்புக் கேட்டால் பத்துச் சாமானில் ஒன்பதைத்தான் சொல்லுவாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஜனவரியில் பனி கொட்டுவதுபோல அதுவும் ஓர் இயற்கை. கனடாவில், ஸ்காபரோவின் பிறந்தநாள் விழாக்களில் இருபத்தைந்து வருடமாகப் பார்த்து வருகிறேன். "அன்ரி, உங்கடை ரோல்ஸ் மாதிரி எனக்கு வரேல்லையே" என்று ஒருத்தி சிணுங்குவாள். அன்ரியும் அன்பொழுகச் சொல்லுவா. விரலால் அளவு காட்டுவா, நெருப்பின் உயரத்தைக்கூட நடித்துக் காட்டுவா. பத்தாவது சாமான் மட்டும் தொண்டையைத் தாண்டாது. (என் மனைவி வதனியும் இதே ரகம்தான். அவள் நான் எழுதுவதை வாசிப்பதில்லை என்ற துணிவில் சொல்கிறேன்.)

இந்த அனுபவத்தை முழுதாகத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு சேர்பியப் பெண்ணின் மண்சட்டியோடு நான் மோதினேன்.

மூன்று வருடத்துக்கு முன் மகள் துளசி, மிசிசாகாவில் தன்னோடு வேலை செய்யும் மிலான் என்ற பெடியனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கட்டப் போகிறவன் அவன்தான் என்றாள். வாசலில் யாரும் சொல்ல முதலே அவன் சப்பாத்தைக் கழற்றினான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினான். வதனி உருகிப்போனாள். நான் மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்தேன். ஒருவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டும்? யார் பழக்கினார்கள்? எத்தனை நாள் பயிற்சி? சந்தேகம் எனக்குக் குளிர்காலக் கோட்டு மாதிரி. வெயில் அடித்தாலும் கழற்ற மனம் வராது. கழற்றிவிட்டால் பிறகு உள்ளே இருக்கும் ஆள் தெரிந்துவிடுமே!

தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் வெஸ்னா ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர். அவருக்கு ஓய்வு வெள்ளிக்கிழமை மட்டும். ஆகவே ஒரு வெள்ளி மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து கலியாணம் பேசுவதாக ஏற்பாடாயிற்று.

துளசி என்னைத் தனியாக பல்கனிக்குக் கூட்டிப்போனாள்.

"அப்பா, லிசின். வெஸ்னாவோடை சாப்பாடு ஓக்கேயா முடிஞ்சால் எல்லாரும் சேர்ந்து ஹோலிலை, மணவறை வைச்சு, உங்கடை விருப்பப்படி. நீங்கள் வியர்டா ஏதும் செய்தால், நானும் மிலானும் சிட்டி ஹோலுக்குப் போய் சைன் பண்ணிப்போட்டு வந்திடுவம். உங்களுக்குப் போட்டோ அனுப்புவன்."

போட்டோ! ஒற்றைப் பிள்ளையின் கலியாணத்தைக் கைபேசியில் விரல் வைத்துப் பெருப்பித்துப் பார்ப்பதா? அன்றிரவே நல்ல பிள்ளையாகி வெஸ்னாவுக்குப் போன் எடுத்தேன். வாய் சும்மா இருந்ததா? "உங்கள் ஊர்ச் சாப்பாட்டை என் கையாலேயே சமைத்துத் தருவேன்" என்று ஆங்கிலத்தில் வாக்குக் கொடுத்துவிட்டது. (அதுவரை நான் என் கையால் சமைத்தது தேத்தண்ணி.)

வெஸ்னா மகிழ்ந்துபோனார். அவர்கள் ஊரில் ஜுவெச் என்று ஒன்று இருக்கிறதாம். மரக்கறிகளை மண்சட்டியில் அடுக்கி ஓவனில் வேகவைப்பது. மறுநாளே மிலானின் கையில் சட்டியை அனுப்பிவிட்டார். சேர்பியாவிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த சட்டியாம். தேன் நிறம், மூடியில் பச்சைக் கோலம், தட்டினால் தூரத்துக் கோயில் மணிபோல ஒரு நாதம். கேட்காமலே தந்த சட்டி. ஏன் தந்தார்?

குறிப்பைப் போனில் சொன்னார். கத்தரிக்காய், வெண்டிக்காய், சிவப்புப் பெல் பெப்பர், உருளைக்கிழங்கு, வெங்காயம். அடுக்கு. உப்பு, கொஞ்சம் மிளகு. மேலே தக்காளியை வட்டமாக வெட்டிப் பரப்பு. எண்ணெய் ஊற்று, மூடு. மெல்லிய சூட்டில் இரண்டரை மணித்தியாலம். கிண்டாதே, திறவாதே, தண்ணீர் விடாதே.

"மிளகாய்த்தூள்?"

"வேண்டாம்."

"தேங்காய்ப்பால்? புளி?"

"வேண்டாம், வேண்டாம்."

"வேறு ஒன்றும் இல்லையா?"

அப்போது அந்தப் பக்கம் ஒரு மௌனம் விழுந்தது. மூன்று விநாடி இருக்கும். பிறகு, "வேறொன்றும் இல்லை" என்றார். குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

போனை வைத்துவிட்டு வதனியிடம் ஓடினேன். "ஒளிக்கிறா! மனிசி ஒண்டை ஒளிக்கிறா!"

"உங்களுக்கு விசர். பேசாமல் படுங்கோ."

வெள்ளிக்கிழமை விடிந்தது. வெளியே மைனஸ் பன்னிரண்டு. வெள்ளியில் எங்கள் வீட்டில் மச்சம், மாமிசம் ஒன்றும் இல்லை. சமையலறையே திருநீறு பூசியதுபோல இருக்கும். வதனி கோயிலுக்குப் புறப்படும்போது நான் எல்லாவற்றையும் அடுக்கி ஓவனுக்குள் வைத்திருந்தேன்.

"இஞ்சருங்கோ, அதைத் தொடாதேங்கோ. தன்ரை பாட்டிலை வேகட்டும்" என்றாள்.

"ஓம், ஓம். நீர் போம்."

கதவு சாத்திய சத்தம் அடங்க முதலே திறந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிடத்தில் மறுபடி. கால் மணித்தியாலத்தில் மறுபடி. உள்ளே கத்தரிக்காய் ஊதா முகத்தோடு என்னைப் பார்த்தது, நான் கத்தரிக்காயைப் பார்த்தேன். (ஒவ்வொரு தரமும் திறந்து சூட்டையெல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருப்பவன் நான்தான் என்று மூளைக்கு எட்டவில்லை.) ஒன்றரை மணித்தியாலம் கழிந்தும் உருளைக்கிழங்கு கூழாங்கல்லாகக் கிடந்தது. ஓரத்தில் ஓர் எண்ணெய்ச் சிரிப்பு. சாறு இல்லை, குழம்பு இல்லை.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் வெளித்தது. பத்தாவது சாமான் தண்ணீர்! தண்ணீர் விடாதே என்று அழுத்திச் சொன்னதே அதற்காகத்தான். சட்டி கருக வேண்டும், மகனைக் கூட்டிக்கொண்டு என் குசினிக்குள் வந்து நின்று, "பார் மகனே, ஒரு சட்டி மரக்கறி அவிக்கத் தெரியாத குடும்பம்" என்று சொல்ல வேண்டும். எவ்வளவு நுட்பமான சதி! பால்கன் மலைகளில் நூற்றாண்டுகளாகத் தீட்டப்பட்ட மூளை! என்னிடமா?

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தண்ணீர்ச் சாடியை எடுத்தேன். கொதிக்கும் மண்சட்டிக்குள், ஐஸ் மிதக்கும் தண்ணீரை, ஒரு சாடி முழுதாகச் சரித்தேன்.

டக்.

பெரிய சத்தமில்லை. ஒரு நாகரிகமான சத்தம், பாதி வழியில் கனைத்துக்கொண்ட மாதிரி. சட்டி நடுவால் பிளந்தது. எண்ணெயும் தக்காளியும் ஓவனின் சிவந்த கம்பியில் விழுந்தன. புகை முதலில் வெட்கத்தோடு வந்தது, பிறகு உறவினர் கூட்டம்போல வந்தது. நான் துவாயால் விசிறினேன். அது புகையைக் கதவுக்கு வெளியே வழிகாட்டி அனுப்பியது. அடுத்த நிமிடம் டோர்செட் பார்க்கின் எங்கள் பதினாறு மாடிக் கட்டடம் முழுவதும் தீ எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது.

பதினாலாம் மாடியிலிருந்து படியால் இறங்கினேன். கார் தரிப்பிடத்தில் கட்டடமே போர்வையோடு நடுங்கிக்கொண்டு நின்றது. பன்னிரண்டாம் மாடி ராணி அன்ரி வீட்டுச் செருப்போடு நின்றா.

"ஆரோ விசரன் அடுப்பை எரியவிட்டிட்டான் போலை."

"ஓம் அன்ரி. உப்பிடியும் சனம் இருக்குது" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மிலானின் கார் வந்து நின்றது. துளசி இறங்கினாள். என்னைப் பார்த்தாள், கட்டடத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அவளுடைய கண்ணில் சிட்டி ஹோலின் படிகள் தெரிந்தன. பின்னால் வெஸ்னா, குட்டையான மனிசி, கையில் துணி சுற்றிய பாண் ரொட்டியோடு வந்து, "எல்லோரும் நலமா?" என்றார். நான் குளிரைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். உலகத்திலுள்ள அத்தனை குளிரைப் பற்றியும் பேசினேன்.

கட்டடக் கதவு திறந்தது. தீயணைப்புக்காரர் ஒருவர் தடித்த கையுறையில் பாதிச் சட்டியை ஏந்திக்கொண்டு வந்தார். அதன் விளிம்பில் ஒரு வெண்டிக்காய் ஒட்டியிருந்தது.

"இது யாருடையது?"

முந்நூறு பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் வானத்தை ஆராய்ந்தேன்.

"என்னுடையது" என்றார் வெஸ்னா.

ராணி அன்ரி என் சட்டைக் கையை இழுத்தா. "தம்பி, உந்த வெள்ளைக்காரி ஆர்?"

பொய் சொல்ல நேரமும் இல்லை, இடமும் இல்லை. "எங்கடை சம்பந்தி, அன்ரி" என்றேன்.

சொல் விழுந்துவிட்டது. அதுவரை வீட்டுக்குள்கூட நான் உச்சரிக்காத சொல். ராணி அன்ரியின் காதில் விழுந்த ஒன்று பக்கத்து நகரமான ஒஷாவா வரை போய்ச் சேர அரை மணித்தியாலம் போதும். துளசி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

வெஸ்னா சட்டித் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தண்ணீர் விட்டீர்களா?"

"விட்டேன்." பிறகு வெட்கம் கெட்டுக் கேட்டேன்: "நீங்களும் ஒன்றை ஒளித்தீர்கள்தானே?"

அவருடைய முகம் சிவந்தது. "ஒளித்தேன்" என்றார்.

நான் வெற்றியோடு மகளைப் பார்த்தேன்.

"ஆட்டிறைச்சி. ஒரு கிலோ. அது இல்லாமல் எங்கள் வீட்டில் ஜுவெச் வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் இறைச்சியின் பேரைச் சொல்வதே பிழையோ என்று பயந்தேன். இறைச்சி இல்லாமல் சரிவருமா என்று நானே மூன்று தரம் சமைத்துப் பார்த்தேன். மிலானைக் கேளுங்கள்."

"மூன்று தரம்" என்றான் மிலான், சாப்பிட்டவனின் களைப்போடு.

மைனஸ் பன்னிரண்டில் எனக்கு வியர்த்தது.

மேலே போனபோது வதனி கோயிலால் வந்து யன்னல்களைத் திறந்துகொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நாலு பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளை இறக்கினாள். பருப்பு, பூசணிக்காய்க் கறி, கீரை, கத்தரிக்காய்ப் பால்கறி. முதல் நாளே சமைத்து ஒளித்திருக்கிறாள்! சேர்பியாவைக்கூடச் சந்தேகித்த நான், அந்த நாலு பெட்டிகளையும் தள்ளிவிட்டுத்தான் தண்ணீர்ச் சாடியை எடுத்தேன்.

எல்லோரும் கோட்டோடு இருந்து, சோற்றைச் சூடாக்கி, புகை மணக்க மணக்கச் சாப்பிட்டோம். வெஸ்னா பூசணிக்காய்க் கறியை இரண்டாம் தரம் வாங்கினார். ஓவனைத் திறந்து திறந்து பார்த்த கதையையும் நானே ஒப்புக்கொண்டேன். கலியாணத் திகதியும் மண்டபமும் பாணைப் பிய்த்தபடியே முடிவாயின.

அடுத்த சித்திரையில் மணவறை வைத்துத்தான் கலியாணம். மிலான் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக இருந்தான். தாலி இருந்த வெள்ளிச் செப்பை ஐயர் எடுத்து, திறந்து சபைக்குக் காட்டச் சொல்லி என் கையில் தந்தார். நான் மூடியில் கை வைத்தேன். அதுவரை தமிழில் ஒரு சொல்லும் வராதிருந்த மாப்பிள்ளை, வதனி மூன்று மாதம் இரகசியமாகப் பழக்கிய முதல் வசனத்தை ஒலிவாங்கிக்குள் சொன்னான்:

"மாமா, இன்னும் வேகேல்லை. திறவாதேங்கோ."

மண்டபம் வெடித்தது. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டார். இப்போது எங்கள் இரண்டு குடும்பத்திலும், பரிசுப் பெட்டியோ, காரின் முன்பக்கமோ, மருந்துப் போத்தலோ, நான் எதன் மூடியில் கை வைத்தாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. வெஸ்னாதான் முதலில் சொல்லுவார். அவருடைய தமிழ் மிலானுடையதைவிட நல்ல தெளிவு.