திட்டுவதானால் உட்கார்ந்து திட்டுங்கள்

பெங்களூரில் ஒரு டீயைக்கூட முழுதாகக் குடித்து முடித்திராத ஒரே மனிதர் எங்கள் பாதி டீதான். வேண்டுமானால் இந்த ஊரிலுள்ள எல்லா ஆபீஸ்களிலும் விசாரித்துப் பாருங்கள். பந்தயத்துக்கு நான் தயார். பிரிண்டர் மேல் ஒரு கப், செக்யூரிட்டி மேஜையில் ஒரு கப், ஜன்னல் விளிம்பில் ஒரு கப், லிஃப்டுக்குள் தரையில் ஒரு கப் என்று எங்கே பார்த்தாலும் அவருடைய டீ நிற்கும். எல்லாவற்றிலும் அளந்து வைத்தாற்போல் பாதி. அவரைத் தேட வேண்டுமென்றால் நாங்கள் ஆளைத் தேட மாட்டோம். எந்தக் கப் இன்னும் சூடாக இருக்கிறது என்று தொட்டுப் பார்ப்போம். அதற்குப் பக்கத்தில் எங்காவது ஆள் இருப்பார்.

பெயரை வைத்தது கப் கழுவுகிற ஹவுஸ்கீப்பிங் அக்கா. அது மெல்ல மெல்ல மேலே ஏறி முதலாளி வரை போய்விட்டது. மனிதருக்கு அதில் கோபமே கிடையாது. "முக்கா டீன்னு வச்சிருந்தா கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

ஜீவனஹள்ளியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கினால் கன்னடத்தில் போய் இறங்குவார். நானோ வேலைக்காகத் திருப்பத்தூரிலிருந்து வந்து நீலசந்திராவில் அறை எடுத்துத் தங்கியிருந்தவன். ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்வார்களே, அதற்கான சாஃப்ட்வேர் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. அவர் எழுதுவார், அதில் என்ன ஓட்டை என்று நான் சோதித்துப் பார்ப்பேன்.

ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. சிஸ்டம் மொத்தமும் படுத்துவிட்டு, நாலு பக்கமும் போன் அலறி, ஆபீஸே தலையில் கைவைத்து நிற்கும்போது அவர் ஒருவர்தான் குளத்தங்கரையில் உட்கார்ந்தவர்போல நிதானமாக இருப்பார். எங்கே கோளாறு என்று பிடித்துச் சரிசெய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆனால் எல்லாம் அமைதியாக இருக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மெயிலுக்குப் பதில் போடச் சொல்லுங்கள், அன்றைக்கு மெயிலைத் தவிர உலகத்திலுள்ள எல்லாம் நடக்கும். ஒருநாள் பைக்கில் மறந்துவிட்ட ஹெல்மெட்டை எடுத்துவரக் கீழே போனவர், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பை சீதாப்பழத்தோடு வந்தார். ஹெல்மெட் கீழேயே இருந்தது.

ஒரு காரியம் மட்டும் எங்களுக்குச் சிரிப்பையும் அவருக்கு வினையையும் கொண்டுவந்தது. எங்கள் மாடியில் பாதி இடம் வேறொரு கம்பெனிக்கு. இரண்டு பேருடைய மீட்டிங் ரூமுக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கதவு. பாதி டீ கையில் டீயோடு அவர்களுடைய ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். லாரிகளை எந்த வழியாக அனுப்புவது என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கேட்டவர், "இது தப்பு" என்று எழுந்துபோய் போர்டில் படம் போட்டு அவர்கள் சிக்கலை முழுக்க அவிழ்த்துவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நிபுணர் என்று நினைத்து அவர்கள் கைதட்டினார்களாம். இந்தப் பக்கம் எங்கள் ரூமில் முக்கியமான ஆஸ்பத்திரிக்காரர்கள் அவருக்காகக் காத்திருந்து, கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

எங்கள் மேனேஜர் சௌம்யா மேடம் கறாரான கன்னடக்காரர். அன்றைக்கே எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். இதற்கு முன் பார்த்த வேலைகளையும் பாதி டீ இப்படித்தான் தொலைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய மகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் புகார் சொன்னார்கள். ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள், எதையும் முடிப்பதில்லை என்று. மனைவி மகளை ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப்போக, இவரும் கூடப் போயிருக்கிறார். டாக்டர் குழந்தையைப் பற்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, இவர் நாற்காலி நுனிக்கு வந்து "அது நான் சார்! அதுவும் நான் சார்!" என்று கத்தியிருக்கிறார். டாக்டர் சிரித்துவிட்டு, நீங்கள் தனியாக ஒருநாள் வாருங்கள் என்று நேரம் கொடுத்தார். அதை மறந்துவிட்டார். அடுத்துக் கொடுத்ததையும் மறந்தார். கடைசியில் மனைவி கையைப் பிடித்துக் கூட்டிப்போனபோது டாக்டர் சொன்னாராம், "நீங்க வராம போனதே எனக்குப் பாதி பதில்."

பெரியவர்களுக்கும் இருக்கிற கவனக் குறைபாடு என்று சொல்லி மாத்திரையும் சில வழிமுறைகளும் கொடுத்து அனுப்பினார். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் இவர் அதைப் பரிசு விழுந்த மாதிரி அறிவித்தார். உடனே மேஜையில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கோளாறு வந்துவிட்டது. "எனக்கும்தான் சார், பர்ஸ எங்க வச்சேன்னே தெரியாது" என்றார் அக்கவுண்ட்ஸ்காரர். பாதி டீ எல்லோருடனும் சேர்ந்து சிரித்தார். கை கழுவுகிற இடத்தில் என்னிடம் மட்டும், "இவ்ளோ வருஷமா நான் சோம்பேறின்னே நெனச்சிட்டிருந்தேன் குரு. எங்கப்பா அப்டித்தான் சொல்லுவாரு. இதுக்கு ஒரு பேர் இருக்காம்" என்றார். குழாயை மூடாமலே போய்விட்டார், நான் மூடினேன்.

பிறகு வழிமுறைகள் ஆரம்பமாயின. செய்ய வேண்டியதையெல்லாம் போனில் நினைவூட்டலாகப் போட்டார். போனும் ஒரு பெண் குரலில், உணர்ச்சியே இல்லாமல், ஊருக்கே கேட்கிற மாதிரி வாசிக்கும். "மாத்திரை போடு." "பைக் சாவி பைக்கிலேயே இருக்கு." ஒருநாள் ஆஸ்பத்திரிக்காரர்களோடு பெரிய மீட்டிங். பாதி டீ உற்சாகமாகப் பேசிக்கொண்டே போகிறார், எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறக்க வழியில்லை. அப்போது போன் சொன்னது: "வாய மூடு. அவங்க பேசட்டும்."

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் சிரித்த சிரிப்பில்தான் பாதி டீயின் வேலை அன்று தப்பியது. ஆனால் டாக்டர் போகும்போது ஒன்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் நர்சுகளுக்கு இந்த சாஃப்ட்வேரை எப்படிப் பயன்படுத்துவது என்று புரியும்படி ஒரு கையேடு வேண்டும், இவரே எழுதட்டும், வெள்ளிக்கிழமைக்குள் என்று.

சௌம்யா மேடம் பாதி டீயை என் முன்னாலேயே கூப்பிட்டுச் சொன்னார். "நோடி, இது வரலன்னா நான் உங்களுக்காகப் பேச முடியாது. நாளைக்கி எல்லாம் பேடா, வேணாம். வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமை."

கையேடு! சிஸ்டமே படுக்காத, போனே அலறாத, பக்கம் பக்கமாக நீளும் கையேடு. பாதி டீ திங்கட்கிழமை முழுக்க அட்டைப்படத்துக்கு எந்த நீலம் பொருந்தும் என்று பார்த்தார். செவ்வாய்க்கிழமை எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தார். மாலையில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"குரு, ஒரு ஹெல்ப். நாளைக்கி என் பக்கத்துல உக்காரியா?"

"உக்காந்து என்னணா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்னே உக்காரு. உன் வேலைய நீ பாரு. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா என் மண்ட நிக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. வூட்ல ட்ரை பண்ணேன், நிக்குது."

ஏ.சி. வேலை செய்யாததால் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சின்ன ரூமில் உட்கார்ந்தோம். நான் என் வேலையைப் பார்த்தேன். அவர் எழுதினார். நிஜமாகவே எழுதினார். நடுநடுவே பின்பக்கம் நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பும். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ணா" என்பேன். திரும்ப உட்காருவார். அவ்வளவுதான் என் வேலை. படிப்புக்கு ஏற்ற உத்தியோகம் கடைசியில் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். வியாழன் மாலைக்குள் கையேட்டில் முக்கால்வாசி முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய விடிய மழை. ரோடெல்லாம் முழங்கால் தண்ணீர், பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. போன் போட்டால் அவர் எடுக்கவில்லை. பாதி தூரம் நடந்தே போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. நாற்காலி காலியாக இருக்கும், ஆள் எங்கேயாவது சீதாப்பழம் வாங்கிக்கொண்டிருப்பார், கதை முடிந்தது என்றுதான் ஓடினேன்.

என் நாற்காலியில் சௌம்யா மேடம் உட்கார்ந்திருந்தார். மடியில் லேப்டாப். முகம் கடுகடுவென்று இருந்தது. பக்கத்தில் பாதி டீ தலை குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்த என்னைப் பார்த்து மேடம் உதட்டில் விரலை வைத்தார்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. காலையில் அவர் ஒரு வரியும் எழுதாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மேடம் வாசலில் நின்று கத்த ஆரம்பித்திருக்கிறார். இவர் கையைக் கூப்பி, "மேடம், திட்டுறதுன்னா உக்காந்து திட்டுங்க, ப்ளீஸ்" என்றிருக்கிறார். மேடம் கோபத்தில் உட்கார்ந்து திட்டினார். திட்டத் திட்ட இவர் எழுத ஆரம்பித்தார். திட்டு தீர்ந்து மேடம் எழுந்தார், எழுத்து நின்றது. மறுபடி உட்கார்ந்தார், ஓடியது. அன்று தன்னுடைய மீட்டிங்குகளையெல்லாம் ரத்து செய்துவிட்டு அந்தப் புழுக்கத்தில் சாயங்காலம் வரை அவர் உட்கார்ந்திருந்தார். கையேடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நர்சுகளுக்குப் புரிந்தது என்று பதிலும் வந்தது.

அதன்பிறகு எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது மட்டுமில்லை, ஆளுக்கு ஒரு வாரம் அவர் பக்கத்தில் உட்காருவது என்றும் மேடம் ஏற்பாடு செய்தார். அக்கவுண்ட்ஸ்காரர்கூட உட்கார்ந்தார். ஆனாலும் என்னுடைய "ணா" மாதிரி யாருக்கும் வராது என்று பாதி டீ சொல்லுவார். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஒன்றரை வருஷம் கழித்து எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. கடைசி நாள் மாலை கேக், பேச்சு எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. எல்லோரும் வந்துவிட்டார்கள், அவரைத் தவிர. இன்றைக்குமா மறந்துவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. தேடிப் போனேன். சின்ன ரூமில் தனியாக உட்கார்ந்திருந்தார். திரையில் என் பெயரும் அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளியும் மட்டும் இருந்தன. என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் திரையை மறைத்தார்.

"பாக்காத குரு! உன்னப் பத்திப் பேசறதுக்குத்தான் எழுதறேன். காலைலேர்ந்து உக்காந்திருக்கேன், வரமாட்டேங்குது. இத வேற ஆள பக்கத்துல வச்சிக்கிட்டு எழுதவும் ஒரு மாதிரியா இருக்குது." சுவரைக் காட்டினார். "அந்தப் பக்கம் திரும்பி சும்னே உக்காரியா?"

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் டைப் அடிக்கிற சத்தம் ஆரம்பித்து, நிற்காமல் போனது. சௌம்யா மேடம் கண்ணாடியைத் தட்டி, கேக் வெட்டணும், ரெண்டு பேரும் வாங்க என்றார்.

"கேக் இருக்கட்டும் மேடம், அண்ணா முடிக்கட்டும்" என்றேன், சுவரைப் பார்த்தபடியே. திரும்பியிருந்தால் நான் அழுவதை அவர் பார்த்திருப்பார், எழுதுவதை நிறுத்தியிருப்பார்.