ரிக்கற் நானாவின் பொங்கல் புத்தகம்

ஜனவரி பதினைந்து, காலை ஐந்து நாற்பது, வாடைக்காற்றோடு தூறல். என் படலையில் மூன்று தட்டு, ஒரு இருமல், மறுபடி மூன்று தட்டு. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் எல்லாருடைய பெருநாளையும் அவரவரை விடத் திருத்தமாக அறிந்த ஒரே மனிதர் ரிக்கற் நானா. தட்டியவர் அவர்தான்.

மூதூர் லோஞ்சுப் படகில் முப்பத்தொரு வருடம் பயணிகளுக்கு ரிக்கற் கிழித்தவர். போக வர நூலகப் புத்தகம் படிப்பார். பெருநாள்கள் பற்றிய புத்தகம் மட்டும். படித்ததைச் சரிபார்க்காமல் விடமாட்டார். ஒரு வெசாக் பௌர்ணமிக்குக் கடற்படைக் காவலரணில் தொங்கிய காகித விளக்குக் கூட்டின் மூலைகளை எண்ணி, "தம்பி, மூலை எட்டு வரணும், இதில ஆறுதான் இருக்கு" என்று சிப்பாயிடம் சண்டை. அவன் தமிழ் புரியாமல் இரண்டு கோப்பை சர்பத் கொடுத்து அனுப்பினான். நத்தாருக்கு எதிர்வீட்டுக் கிறிஸ்தவர்களின் மாட்டுத்தொழுவக் குடிலில் வைக்கோல் போதாது என்று ஒரு கட்டோடு போய் நின்றார்.

"உங்கட நோன்புப் பெருநாளுக்குப் புத்தகம் இல்லையா நானா?" என்று கேட்டேன்.

"அதுக்கு என்னத்துக்கு? அதுதான் வீட்டிலயே இருக்கே."

அன்று காலை அவர் கையில் புதுப்பானை, மூன்று செங்கல், பால், அரிசி, குடை, படகுத் திசைகாட்டி, புத்தகம். ஏழு வகை.

"ஏலாது நானா. மனுசி செத்துப்போன வீடு. இங்க பொங்கல் இல்லை எண்டு முந்தியே சொன்னனான்."

"சொன்னீங்க கிளாக்கர் ஐயா. நானும் நம்பினன். இதில பாருங்க, பக்கம் அறுபத்துமூண்டு. ஒரு வருசம்தான் நிப்பாட்ட வேணுமாம். அவ மௌத்தாகி எத்தின வருசம்?"

"நாலு."

"துறைமுகத்தில மூட்டையை இப்பிடி எண்ணியிருந்தா உங்கள வச்சிருப்பாங்களா?"

முப்பத்தாறு வருடம் சரக்கு எண்ணியவன் நான். ஒரு மூட்டை பிசகியதில்லை. படலையைத் திறந்தேன்.

முற்றத்தில் கல் வைத்தோம். அவர் குடையைப் பானைக்குப் பிடித்தார், நான் நனைந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் முன் புத்தகத்தைப் பார்த்தார்.

"படைக்க முன்னம் எனக்கு ஒரு கோப்பை எடுத்து வையுங்க. படைச்சது நான் சாப்பிடுறல்ல."

"அதுவும் புத்தகத்தில இருக்கோ?"

"இல்ல. அது என்ட சொந்தம்."

ஆறு இருபத்தெட்டுக்கு நுரை எழும்பியது. திசைகாட்டியைப் பிடிக்கக் கை வேண்டி, புத்தகத்தை அடுப்பருகே விரித்து வைத்தார். "கிழக்கால வழிஞ்சா நல்லம்!"

பால் கிழக்கே வழிந்தது. கிழக்கே புத்தகம் இருந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார். நானும் கத்தினேன் போலிருக்கிறது. எதிர்வீட்டில் மின்விளக்கு எரிந்தது.

பால் ஊறிய புத்தகத்துக்கு நூலகத்தில் விலையும் தண்டமும் கேட்டார்கள். நான் காசை நீட்டினேன். "கார்ட் என்ட பேரில" என்று தட்டிவிட்டார்.

புத்தகம் இப்போது என் அலுமாரியில். இருநூற்றெட்டுப் பக்கம், ஒட்டிப்போனவை பதினொன்று. வரும் தைக்கும் மூன்று கல்லையும் கழுவி வைத்திருக்கிறேன். என் வீட்டில் மறுபடி பால் பொங்க ரிக்கற் நானாவுக்குச் செலவானது ஆயிரத்து நூற்றிருபது ரூபாய்.