கரண்டு தேடு படலம்

டெஸ்ட் லாம்ப் ஏந்திய திருக்கரத்தோன், கட்டிங் பிளேயரை உடைவாளாய் இடுப்பில் செருகிய காளை, இன்சுலேஷன் டேப்பைக் கங்கணமாய் அணிந்த கோமான், இராஜபாளையத்துச் சந்து ஒன்றின் தகரக் கூரைக்கீழ் கொலுவீற்றிருக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் வல்லரசின் புகழைப் பாடப் புகுந்தோம். மின்னலே, எம் நாவில் வந்து இறங்கிவிடாமல் சற்றுத் தள்ளி நின்றே அருள்புரிவாயாக!

மணி பதினொன்று. சந்துமுனையில் புழுதி எழுந்தது. புழுதியைப் பிளந்துகொண்டு வந்தது ஒரு வாகனம்: முகத்தால் மோட்டார் சைக்கிள், முதுகால் தேர், முன்னே ஒன்று பின்னே இரண்டென மூன்று சக்கரம், பேண்டேஜ் சுருள் ஏற்றத் தகரப் பெட்டி, வயிற்றுக்குள் பெயர் தெரியாத சென்சார்கள். ஓட்டி வந்தவள் ஜாஸ்மின். மூன்று தறி ஓடும் பேண்டேஜ் கூடத்தின் தனி முதலாளி. ஸ்ரீவில்லிபுத்தூர் லைசென்ஸ் மைதானத்தில் இரண்டு முறை போரிட்டு இரண்டு முறையும் புண்பட்டுத் திரும்பியவள். முதல் முறை தரையில் போட்டிருந்த கோட்டை மிதித்தாள். இரண்டாம் முறை ஹாரன் ஊமையாகிவிட்டது. மூன்றாம் போர் இன்று மூன்று மணிக்கு. பழகுநர் லைசென்ஸான எல்.எல்.ஆர். இன்றோடு முடிகிறது, தோற்றால் எல்லாம் முதலிலிருந்து, அதுவரை சரக்கு ஏற்ற மைத்துனனின் கண்ணசைவுக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

"அண்ணாச்சி, ஹாரன் மட்டும் அடிச்சாப் போதும். போன தடவை அதுக்காகத்தான் திருப்பி அனுப்பிட்டாக."

"செத்த நேரம் நில்லு தங்கச்சி. செண்பகத்தோப்புக் காட்டு யானைக்கே கேக்க வைக்கேன்."

சொன்னபடி வைத்தார். பத்தே நிமிடத்தில் ஒரு புது மஞ்சள் வயர் இழுத்து மாட்ட, ஹாரன் பிளிறிற்று. எதிர் டீக்கடையில் வல்லரசின் பழைய கூட்டாளி இருதயத்தின் கையிலிருந்த டீ தளும்பிற்று.

வேலை முடிந்த வாகனத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்காமல் அனுப்புவதில்லை என்பது அந்தப் பட்டறையின் சாசனம். ஜாஸ்மின் ஞாயிறுதோறும் சர்ச்சில் முதல் வரிசையில் அமர்கிறவள். ஆயினும் அண்ணாச்சியின் பொட்டுக்கு அவள் ஆட்சேபம் சொன்னதில்லை. ஹெட்லைட்டின் நெற்றியில் ஒன்று, டேங்கின் மார்பில் ஒன்று, வலக் கைப்பிடியருகே செக்கச்செவேலென்று சிரித்த பொத்தான்மேல் பெருவிரலால் அழுத்தி ஒன்று என முப்பொட்டு இட்டு, "ஜெயிச்சு வா!" என்று வாழ்த்தி அருளினார் வல்லரசு.

ஜாஸ்மின் சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினாள்.

நிசப்தம்.

ஆழியில் அமிழ்ந்த சங்குபோல், ஆணி அறைந்த கதவுபோல், அப்படியொரு நிசப்தம்! வீரர் மீசையை நீவினார். சீட் பறந்தது, டேங்க் இறங்கியது, ஹெட்லைட் முகம் கவிழ்ந்து தொங்கியது. உள்ளிருந்து பொங்கிப் புறப்பட்டது வயர்ச்சேனை: சிவப்பு யானைப்படை, கறுப்புக் குதிரைப்படை, பச்சைத் தேர்ப்படை, கோடு போட்ட வெள்ளைக் காலாட்படை என நால்வகைப் படையும் ஒன்றையொன்று பின்னிப் பிணைந்து, எது தலை எது வால் என்று பிரம்மனுக்கும் விளங்காதபடி அணிவகுத்து நிற்க, கரண்டு உள்ள இடத்தில் எரியும் ஒற்றை டெஸ்ட் லாம்ப்பை உயர்த்திப் பிடித்து உள்ளே பாய்ந்தார் வல்லரசு.

பேட்டரியில் லாம்ப் எரிந்தது. பியூஸில் எரிந்தது. சாவிக்குப் பின்னால் எரிந்தது. வலக் கைப்பிடிக்குள் நுழையும் வயரிலும் எரிந்தது. அங்கிருந்து வெளியே வந்த வயரில் எரியவில்லை.

கைப்பிடிக்குள் உயிரோடு போன கரண்டு திரும்பி வரவில்லை. கொலை நடந்த அறை தெரிந்துவிட்டது. கதவைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்தக் கதவில் இருந்தது அவர் கையால் வைத்த பொட்டு! பொட்டு வைத்த இடத்தைச் சந்தேகிக்க அந்தப் புண்ணிய மனம் ஒப்பவில்லை. ஆகவே அவர் சேனையைத் திருப்பி, ஒரு பாவமும் அறியாத கிளட்ச் சென்சார்மீது படையெடுத்தார்.

"ஏலே வல்லரசு," என்றார் மில் ஷிப்ட் முடிந்து வந்திருந்த இருதயம், "ஹாரனுக்கு வந்த புள்ளையோட குடலையே உருவிட்டியேல!"

"ஓய், சென்சார் வண்டி வே இது. உம்ம சைக்கிளுனு நெனைச்சீரா?"

"என் சைக்கிள் ஓடுதுல்லா!"

மணி ஒன்று. சென்சாருக்குக் குறுக்கே நேர் வழி போட ஒரு முழ வயர் தேவைப்பட்டது. கண்ணெதிரே புத்தம்புது மஞ்சள் வயர் மினுக்கியது. வீரர் யோசிக்கவில்லை, வெட்டினார், மாட்டினார், தோற்றார், உருவித் தரையில் எறிந்தார்.

மணி இரண்டேகால். வியர்வை வெள்ளமாய்ப் பெருக, முறுக்கு மீசை முனை தளர, அத்தனை வயரையும் பழையபடி உள்ளே திணித்து, டேங்க்கையும் சீட்டையும் ஏற்றி, ஹெட்லைட்டின் முகத்தை நிமிர்த்திவிட்டு, வல்லரசு வாழ்வில் முதன்முறையாக ஒரு வாகனத்தின் முன் தரையில் அமர்ந்தார்.

"தங்கச்சி, இது கம்பெனிக்குத்தான் போகணும்."

ஜாஸ்மின் அழவில்லை. "இருக்கட்டும் அண்ணாச்சி. மச்சானே ஓட்டட்டும்," என்றாள். அந்த 'மச்சான்' என்ற சொல் வல்லரசின் நெஞ்சில் வேலாய்ப் பாய்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பெட்டியிலிருந்து ஒரு பேண்டேஜ் துண்டைக் கிழித்து, பொட்டுக்களைத் துடைக்கத் தொடங்கினாள். நெற்றிப் பொட்டு போயிற்று. மார்புப் பொட்டு போயிற்று. சிவப்புப் பொத்தானில் சந்தனம் காய்ந்திருந்தது, அழுத்தித் துடைத்தாள்.

டிக்.

அந்தப் பொத்தான் ஒரு பக்கம் அழுந்தினால் இன்ஜினை அணைக்கும், மறுபக்கம் அழுந்தினால் ஓடவிடும். ஸ்டார்ட்டரை அழுத்தினாள். திசை எட்டும் அதிர, தகரக் கூரை தாளமிட, உறுமி எழுந்தது முச்சக்கர வேங்கை! இருதயம் பொத்தானைப் பார்த்தார், வல்லரசின் பெருவிரலைப் பார்த்தார், பிறகு சிரிக்க வசதியாக டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

ஜாஸ்மின் நிற்கவில்லை. மணி இரண்டரை. சந்து முனையைத் தாண்டி அவள் மறைந்தபின்தான் வீரரின் பார்வை தரையில் விழுந்தது. ஹாரனின் மஞ்சள் வயர்!

வல்லரசின் மொபெட் பறந்தது. டவுன் பஸ்ஸை முந்தி, மாட்டு வண்டிக்கு வழிவிட்டு, ஆண்டாள் கோபுரம் தெரிந்ததும் ஒரு கையால் கும்பிட்டு, வாயில் மஞ்சள் வயரைக் கவ்வியபடி பறந்தது. மைதானத்தை எட்டியபோது ஜாஸ்மின் இன்ஸ்பெக்டர் முன் வண்டியில் அமர்ந்திருந்தாள்.

"ஹாரன் அடிங்க."

அவள் அழுத்தினாள். ஊமை. அந்தக் கணத்தில், மைதானத்துச் சுவருக்கு அப்பாலிருந்து, தன் மானத்தையெல்லாம் திரட்டி, வல்லரசு மொபெட்டின் ஹாரனை அமுக்கினார். ஆட்டுக்குட்டி கத்தியதுபோல் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். சுவரை நெடுநேரம் பார்த்தார்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடிச்சவரை உள்ள வந்து வயரை மாட்டச் சொல்லுங்கம்மா. உங்களைக் கடைசி ஆளா எடுத்துக்கிடுதேன்."

தலைகுனிந்து, வாயில் வயரோடு, மைதானத்துள் எழுந்தருளினார் நம் வீரர். சட்டைப் பையில் சந்தனக் கிண்ணம் இருந்தது, அதை அவர் தொடவில்லை.

வயரை மாட்ட இரண்டு நிமிடம்தான் ஆனது, ஜாஸ்மின் பாஸாகிவிட்டாள்.