சமையல்கட்டுக்குள் வந்த பௌதிகம்

பௌதிகத்தில் எம்.ஏ. படித்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் ஒரு காளையையும் பெண் கொடுக்க வேண்டிய மாமனையும் ஒரே கயிற்றில் சமையல்கட்டுக்குள் அனுப்பிவைத்த பெருமை எங்கள் எம்மே ஒருவனுக்கே உரியது.

பட்டம் வாங்கிக்கொண்டு நாமக்கல் பக்கத்து எங்கள் ஊரில் வந்து இறங்கிய அன்றே அவனுடைய சொந்தப் பெயர் போயிற்று. பெற்ற தாயே, "எம்மே, சோறு ஆறுது, வா சாமி" என்றுதான் கூப்பிடுவாள். அவனும் சும்மா சாப்பிடமாட்டான். ரசத்தில் ஏன் ஆவி கிளம்புகிறது, அப்பளம் ஏன் உப்புகிறது என்று விளக்க ஆரம்பிப்பான். அவன் முடிப்பதற்குள் அவனுடைய அப்பளத்தையும் நான் முடித்திருப்பேன். நான் சேலத்தில் அவனோடு இன்டர்மீடியட் படித்தவன். பௌதிகத்தில் கோட்டைவிட்டு, வெல்ல மண்டி வைத்தவன்.

எம்மேக்கு ஒரே ஆசை, மாமன் மகள் பாவாயி. மாமனுக்கு ஒரே கேள்வி, இந்தப் படிப்புக்கு என்ன உத்தியோகம்? சரியான பதில் வராவிட்டால் பெண் திருச்செங்கோட்டு வக்கீலுக்கு என்று சொல்லிவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு பதில் சொல்லப் போனான்.

"கொடைக்கானல் மலைமேல சூரியனப் பாக்கற உத்தியோகம் இருக்குதுங்க மாமா."

"சூரியனப் பாக்கச் சம்பளமா? நம்மூர்ல அல்லாரும் சும்மாதானே பாக்கறோம்!"

"மழை வருமான்னு முன்கூட்டியே சொல்ற உத்தியோகமும் இருக்குதுங்க."

"சொன்னா வந்துருமா?"

"வராமயும் போகுமுங்க."

"அப்ப வேண்டாம் மாப்ளே. ஊரே உன்னைய வையும்."

"காலேஜ் வாத்தியார் வேலைங்க?"

"நீ சொல்லி எவனுக்காச்சும் எதாச்சும் புரிஞ்சிருக்குதா?" என்று மாமன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எம்மேக்கு ரோஷம் வந்துவிட்டது. படிப்பின் பயனை மாமன் கிணற்றிலேயே காட்டுவதாகச் சவால் விட்டான். எங்கள் பக்கத்தில் கமலை இறைக்க இரண்டு மாடு வேண்டும். அவை சரிவில் இறங்கி, கிணற்று மேட்டு உருளையில் ஓடும் வடக்கயிற்றை இழுத்தால் கிணற்றிலிருந்து தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். ஓட்டுகிறவர் அந்த வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு போவார்.

எம்மே சாலுக்கு இன்னோர் உருளையை மாட்டி, வடத்தை நீளமாக்கி, ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டான்.

"இனி பாரம் பாதிதானுங்க. ஒத்த மாடு போதும்."

பாரம் பாதியானால் நடை இரட்டிப்பாகும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் கணக்குப் போட்ட காகிதத்தில் அதற்கு இடம் தாராளமாக இருந்தது. மாமன் தோட்டத்தில்தான் இடம் இல்லை. சரிவு முடிந்தால் நேர் எதிரே சமையல்கட்டு.

மாமன் வடத்தில் உட்கார்ந்து மாட்டை ஓட்டினார். மாடு சிரமமே இல்லாமல் இழுத்தது. "அட, ஆமா!" என்று அவர் வாயைப் பிளக்கும்போதே சரிவு முடிந்துவிட்டது. சால் பாதிக் கிணற்றில் தொங்கியது.

"நிறுத்தாதீங்க மாமா! இன்னும் பாதித் தூரம் இருக்குதுங்க!"

"எங்கடா ஓட்டறது? முன்னால ஊடு!"

மாட்டுக்கு அந்தத் தயக்கம் இல்லை. கம்மங்கூழ் வாசனை பிடித்துக்கொண்டு நேராக உள்ளே நுழைந்தது. மாமன் வடத்தில் உட்கார்ந்தபடியே வாசல்படி தாண்டினார். அங்கே சால் மேலே வந்து தண்ணீர் கொட்டியது. இங்கே கூழ்ப்பானை கவிழ்ந்தது.

"கணக்கு சரியா வந்திருச்சுங்க மாமா!" என்று துள்ளிக் குதித்தான் எம்மே.

கூழில் குளித்து எழுந்த மாமனின் முகத்தைப் பார்த்ததும், வக்கீல் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு எனக்கு உறுதியாகிவிட்டது. அப்போதுதான் கதவோரத்திலிருந்து பாவாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, மாடு எதுக்குங்க உள்ள வந்துச்சு?"

போதாதா? எம்மே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தரையில் சிந்திய கூழிலேயே கிணறு, உருளை, சால், மாடு எல்லாம் விரலால் வரைந்து, ஓர் இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லாமல் நிதானமாகச் சொன்னான்.

"அப்ப பாரம் பாதியாச்சு, நடை ரெட்டிப்பாச்சு" என்றாள் பாவாயி.

"அட, அப்ப மாட்டுக்கு மிச்சம்னு ஒண்ணுமே இல்லியா!" என்றார் மாமன். சொன்ன பிறகுதான் தனக்கும் புரிந்துவிட்டது என்று அவருக்கே உறைத்தது. திரும்பி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் கூரையைப் பார்க்கவில்லை. பலமாகத் தலையாட்டினேன்.

"வாத்தியார் வேலைக்கே எழுதிப் போடு மாப்ளே" என்றார், மீசையிலிருந்து கூழை வழித்தபடி. "காலேஜுக்குள்ள மட்டும் மாட்ட ஓட்டிப் போடாதே."

இப்போதும் சேலம் போனால் அவன் வீட்டுக்குத்தான் போவேன். "அந்த உருளைச் சமாச்சாரம் மறந்துபோச்சுடா, இன்னொருக்காச் சொல்லு" என்பேன். பாவாயி சிரித்துக்கொண்டே, வரைவதற்கென்று ஒரு கிண்ணத்தில் கூழ் கொண்டுவந்து வைப்பாள். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.